ஃபைபர் பானெட்டைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கும் ஜீப்புக்கும் ஃபைபர் பானெட் விற்கும் விளம்பரங்கள் இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றிலும் மேல்பக்கப் படம்தான். பளபளப்பு இருக்கும், காற்று போவதற்கு மேடாக எழும்பிய ஸ்கூப் இருக்கும், கறுப்புக் கோடு இருக்கும். அடிப்பக்கப் படம் மட்டும் இருக்காது. ஃபைபர் பானெட்டின் தரம் முழுவதும் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபைபர் என்பது பாய்போல் வரும் கண்ணாடி இழையை (மேட்) ரெசின் என்ற பிசினில் நனைத்து, மோல்டு என்ற அச்சில் அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்வது. மேல்பக்கம் என்பது மோல்டின் பிரதி. மோல்டு நன்றாக இருந்தால் உள்ளே குப்பையை அடைத்தாலும் மேலே மினுங்கும். பணம் கொடுக்கும் முன் வாசகர்கள் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. உங்கள் வண்டிக்குக் கம்பெனி இரும்பு பானெட் கிடைக்கிறது, பழையது நசுங்கிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் இரும்பையே வாங்குங்கள். கீல், லாக், இடைவெளி எல்லாம் அளவெடுத்தாற்போல் உட்காரும். ஃபைபருக்குப் பொருத்தமான இடம் வேறு. பானெட் துருப்பிடித்து ஓட்டையாகி, புதிதும் கிடைக்காத பழைய வண்டிகள். கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகள். முன்பாரம் குறைய வேண்டிய ரேஸ், ராலி வண்டிகள். ‘ஃபைபர் என்றால் பொம்மை’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1953-இல் வந்த செவ்ரோலெட் கார்வெட்டின் பாடி ஃபைபர்தான். பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980-களில் விற்ற டால்ஃபின் காரும் அப்படியே. கரூரில் பாடி கட்டும் பஸ்களின் முன் ‘ஷோ’, பின் ‘ஷோ’ என்கிற முகப்புகள் எல்லாம் ஃபைபரில் வருகின்றன. பொருளில் குறை இல்லை, போடுகிற கையில்தான் வித்தியாசம்.

அடுத்தது எடை. ‘இரும்பில் பாதி எடை’ என்பது விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் பானெட்டின் மேல்தகடு ஏறக்குறைய 0.7 மி.மீ. இரும்பு. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோ வரும். ஃபைபரில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ரெசின் குடித்து முடித்தால் சுமார் 1 மி.மீ. தடிமனும், சதுர மீட்டருக்கு 1.5 கிலோவும் ஆகும். மூன்று அடுக்கு போட்டு, மேலே ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு ரெசினும் சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது மேல்தோலில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. உண்மையான எடைக் குறைவு, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு லேசான ஃபைபர் சட்டம் வைப்பதில்தான் கிடைக்கிறது. ஆகவே ‘பாதி எடை’ என்று யாராவது சொன்னால் ஒன்று கெட்டிக்காரத்தனமான சட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுக்கைக் குறைத்திருக்க வேண்டும். எது என்று தராசும் அடிப்பக்கமும் சொல்லிவிடும். சில பட்டறைகளில் நேர்மாறான கோளாறும் உண்டு. பயத்தில் ரெசினை ஊற்றித் தள்ளி, இரும்பை விடக் கனமான பானெட்டைக் கொடுப்பார்கள். கனம் வலுவாகாது. மேட்டுக்கு ஒரு பங்கு, ரெசினுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு எடை என்பதுதான் கைவேலையில் சரியான அளவு. அதற்கு மேல் போகும் ரெசின் வெறும் கண்ணாடி மாதிரி, தட்டினால் வெடிக்கும்.

இப்போது பானெட்டைக் கவிழ்த்துப் போடுங்கள். வெயிலில் பார்க்க வேண்டும், கடையின் டியூப் லைட்டில் வேண்டாம். மேட் இழைகள் கண்ணாடிபோல் தெளிவாக, ரெசினுக்குள் மூழ்கித் தெரிய வேண்டும். அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் அந்த இடத்தில் இழை ரெசின் குடிக்கவில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மேட்டைப் போட்டாலும் இதே வெண்மை வரும். வழவழவென்று குட்டைபோல் ரெசின் தேங்கிய இடம் விரிசல் விடப்போகும் இடம். மூலைகளிலும் ஸ்கூப்பின் மடிப்புகளிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். கூர்மையான மடிப்பில் மேட் படியாமல் எழும்பி நிற்கும், உள்ளே காற்றுப் பை இருக்கும். வண்டி ஒரு நாள் வெயிலில் நின்றாலே அந்த இடம் மேலே கொப்புளமாக எழும்பும். ஓர் ஒரு ரூபாய் நாணயத்தால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கூராகக் கேட்க வேண்டும். ‘தொப்’ என்று சத்தம் மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. பிறகு இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். சற்று வளைந்து உடனே திரும்ப வேண்டும். நொறுநொறுவென்று சத்தம் வந்தால் சட்டமும் தோலும் ஒட்டிய இடம் விட்டிருக்கிறது.

மூக்கையும் பயன்படுத்துங்கள். அடிப்பக்கத்தில் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் வாடை குப்பென்று அடித்தால் பானெட் இன்னும் பச்சையாக இருக்கிறது, ரெசின் முழுக்க இறுகவில்லை. பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அதே கதைதான். ரெசினை இறுகச் செய்யும் ஹார்டனர் குறைந்து போயிருக்கலாம், அல்லது முந்தின நாள்தான் மோல்டிலிருந்து கழற்றியிருப்பார்கள். கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. ஹார்டனர் என்பது வழக்கம். நம் ஊர் வெயிலுக்குக் கீழ் அளவே போதும். அவசரத்துக்கு அள்ளி ஊற்றினால் சீக்கிரம் சூடேறி இறுகும், ஆனால் அந்தப் பானெட் உடையும் தன்மையோடுதான் பிறக்கிறது.

எந்த ரெசின் என்று கட்டாயம் கேளுங்கள். கடையில் ‘ஜி.பி.’ என்று மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஆர்த்தோ ரெசின் தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் கூரைத் தகட்டுக்கும் சரி. ஏறக்குறைய 60, 70 டிகிரி சூட்டிலேயே அது இளக ஆரம்பித்துவிடும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புப் பானெட் மேலிருந்து அந்தச் சூட்டை எட்டிவிடும். கீழே இன்ஜின் வேறு. முதல் கோடையிலேயே நடுவில் தொய்வு விழுவதற்கு இதுதான் காரணம். ஐசோ ரெசின் 90 டிகிரிக்கு மேலும் தாங்கும். டர்போ மேலே இருக்கும் டீசல் வண்டி என்றால் வினைல் எஸ்டரோ எப்பாக்ஸியோ நல்லது. விலை கூடும், கொடுக்கலாம். எந்த ரெசினாக இருந்தாலும் டர்போவுக்கும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கும் நேர் மேலே அலுமினியம் ஒட்டிய ஹீட் ஷீட் வேண்டும். பழைய பானெட்டில் கம்பெனி போட்ட மெத்தை இருந்தால் தூக்கி எறியாமல் இதற்கு மாற்றுங்கள். இரும்பு சூட்டை வாங்கி வெளியே விடும், ஃபைபர் விடாது. அதோடு சாதாரண ரெசின் பற்றினால் எரியும் பொருள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, மனிதர் உயிரோடு சம்பந்தப்பட்ட இடமான லாக். இங்கேதான் விற்பவர்கள் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு பானெட்டை மேலே தூக்கினாலும் 15 கிலோவுக்கு மேல் இழுப்பு. வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு. இந்த இழுப்பு முழுவதையும் லாக்கின் கொக்கி உட்காரும் உள்ளங்கையளவு இடம் தாங்க வேண்டும். அந்த இடத்தில் வெறும் ஃபைபரில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். நடுங்கி நடுங்கி ஓட்டை நீள்வட்டமாகும், பிறகு போல்ட் வாஷரோடு பிய்த்துக்கொண்டு வரும். பானெட் எழும்பி முன்கண்ணாடியில் மோதும். பைபாஸில் லாரிக்குப் பின்னால் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சரியான வேலை என்றால் 3 மி.மீ. இரும்புத் தகடோ தடித்த அலுமினியமோ மேட் அடுக்குகளுக்கு நடுவே புதைந்திருக்கும். தகட்டைச் சுற்றிக் கூடுதல் மேட் படிப்படியாக அகலப்படுத்திப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் தகடு முடியும் விளிம்பில்தான் அடுத்த விரிசல் ஆரம்பிக்கும். காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அடிப்பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். இரும்புத் தகடு எங்கே, எவ்வளவு பெரியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ‘உள்ளே அலுமினியம் போட்டிருக்கிறோம்’ என்றால், போடும்போது எடுத்த படம் கேளுங்கள்.

கீல் உட்காரும் இடத்துக்கும் இதே விதி. கூடவே ஒன்று: சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் போல்ட்டை முடுக்க முடுக்க இரண்டும் ஒன்றையொன்று நசுக்கும். நடுவே இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து அதற்குள் போல்ட் போக வேண்டும். வாஷர் அகலமாக இருக்கட்டும்.

லாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முன்பக்கம் இரண்டு ‘பானெட் பின்’ (பானெட்டின் ஓட்டை வழியே மேலே வந்து கிளிப்பால் பூட்டும் கம்பி) போடுவது நல்லது. அழகுக்கு அல்ல, லாக் விட்டால் பிடித்துக்கொள்ள. பழைய ஜீப் வகைகளில் இரு பக்கமும் கொக்கி இருப்பதால் அந்தக் கவலை குறைவு. பின் போடும்போது ஓட்டையின் இடத்தைக் கண்ணளவில் குறிக்காதீர்கள். பின்னை ரேடியேட்டர் சட்டத்தில் முதலில் நிறுத்தி, அதன் தலையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பானெட்டை மெதுவாக இறக்கினால் அடிப்பக்கத்தில் அதுவே பொட்டு வைத்துவிடும். அந்தப் பொட்டில் 3 மி.மீ. டிரில்லால் ஆரம்பித்துப் பெரிதாக்குங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜெல்கோட் ஓரம் பொரிந்துவிடும். சுத்தியலும், ஓட்டை குறிக்கும் சென்டர் பஞ்ச் உளியும் ஃபைபர் பக்கமே வரக்கூடாது.

பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் வைத்துத் திறக்கும் வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஷாக்குகள் இரும்பு பானெட்டின் எடைக்காகக் கணக்கிடப்பட்டவை. லேசான ஃபைபரை மாட்டி மூடினால், மூடிய நிலையிலும் அவை பின்பக்க மூலைகளை இடைவிடாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நாலைந்து மாதத்தில் பானெட் வாழையிலை மாதிரி வளைந்திருக்கும். பழி ஃபைபர் மேல் விழும். ஷாக்கைக் கழற்றிவிட்டு பானெட்டைத் தாங்கி நிறுத்தும் ஸ்டே கம்பி வையுங்கள்.

ஸ்கூப், வென்ட் விஷயத்தில் சுருக்கமாக. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன் பாதியில் இருக்கும் வென்ட் சூட்டை வெளியேற்றும், காரணம் அங்கே மேலே காற்றழுத்தம் குறைவு. முன்கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் திறப்பு நேர்மாறு. ஓடும் வண்டியில் அங்கே அழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் போகும். ஏர் ஃபில்டருக்குக் காற்றூட்ட அது சரி, சூட்டை வெளியேற்ற உதவாது. எந்தத் திறப்பானாலும் அதன் நேர் கீழே இக்னிஷன் காயிலோ ஆல்டர்னேட்டரோ ஃபியூஸ் பெட்டியோ இருந்தால் அடியில் தண்ணீர் வடியும் தட்டும் ஒரு டியூபும் வேண்டும். ஐப்பசி மழையில் ஓட்டுகிறவர்களுக்கு இது வசதி அல்ல, தேவை. ஓட்டுநர் கண்ணுக்குக் குறுக்கே நிற்கும் உயரமான ஸ்கூப்பை ரோட்டு வண்டியில் வைப்பது என் பார்வையில் மடத்தனம்.

பெயிண்ட் அடிக்கும் முன், மறுபடியும் சொல்கிறேன், பெயிண்ட் அடிக்கும் முன், பானெட்டை வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை தேய்த்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும் இடையே இரு பக்கமும் 4, 5 மி.மீ. சீராக வர வேண்டும். இரும்பை டிங்கர் தட்டி வளைத்துச் சரிக்கட்டுவார், ஃபைபரை வளைக்க முடியாது. அதிகமாக இருந்தால் தேய்க்கலாம், குறைவாக இருந்தால் பின்பக்கம் மேட் போட்டு வளர்க்க வேண்டும். ஓரத்தில் 2, 3 மி.மீ. தேய்ப்பது சகஜம். அதற்கு 80 நம்பர் உப்புத்தாளும் முகமூடியும் முழுக்கை சட்டையும் போதும். கீலையும் ரப்பர் புஷ்ஷையும் ஏற்றி இறக்கிய பிறகும் ஒரு மூலை 10 மி.மீ. தூக்கி நின்றால் மோல்டே கோணல். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரியாக உட்கார்ந்தால், லாக் மூடிய நிலையில் ஒரு வாரம் பத்து நாள் அப்படியே வெயிலில் ஓட்டுங்கள். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் பெயிண்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். முடியாமல் அடித்தால், கண்ணாடிபோல் இருந்த பெயிண்டில் இரண்டு மாதம் கழித்து மேட் இழையின் தடம் கோலம் போட்டாற்போல் எழும்பும். பெயிண்டர் மறுபடி அடிப்பார், மறுபடி எழும்பும். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்து வெயில் காட்டுவதும் தவறு. சாத்திய வளைவிலேயே இறுகிவிடும்.

பெயிண்டருக்குச் சொல்ல வேண்டியவை: மோல்டில் தடவிய மெழுகு மேலே ஒட்டியிருக்கும், தேய்க்கும் முன் மெழுகு நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடைக்க வேண்டும். தேய்த்துவிட்டுத் துடைத்தால் மெழுகு கீறலுக்குள் இறங்கி, பெயிண்டில் மீன்கண் போன்ற சிறு குழிகள் விழும். 320 தாளில் சொரசொரப்பாக்கினால் போதும், ஜெல்கோட்டைத் தாண்டி மேட்டைத் தொடக்கூடாது. ஜெல்கோட் அரை மி.மீ. அளவுதான். அது 0.8-ஐத் தாண்டினால் சிலந்தி வலைபோல் வெடிக்கும் என்பதால் நல்ல பட்டறை தடித்துப் போடாது. ஊசித் துளைகளை ஸ்டாப்பர் பட்டியால் அடைத்து, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பிரைமர், 400-லிருந்து 600 தாள், பிறகு வண்டி நிறம். சூளையில் ஏற்றினால் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து கொப்புளிக்கும்.

விரிசல் விட்டால் பயப்பட வேண்டாம், இந்த விஷயத்தில் ஃபைபர் இரும்பை விட நல்லது. மேலே பட்டி போட்டு மறைப்பது மட்டும் வேண்டாம், மூன்று மாதத்தில் அதே கோடு திரும்ப வரும். அடிப்பக்கம் விரிசலின் இரு புறமும் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மி.மீ. பானெட் என்றால் பக்கத்துக்கு 36 மி.மீ. அதில் சிறியதிலிருந்து பெரியதாக மேட் துண்டுகளை அடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

சட்டம், இன்சூரன்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பழைய பானெட்டின் அதே வடிவம், அதே நிறம் என்றால் அதை அமைப்பு மாற்றம் என்று சொல்ல இடமில்லை என்பது என் கருத்து. ஒரு முழம் ஸ்கூப்புக்கு அந்த வாதம் எடுபடாது. இரும்பு பானெட் மோதலில் நடுவே கூரைபோல் மடியும்படி அதன் சட்டத்தில் பலவீனமான கோடுகளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஃபைபரில் அது கிடையாது, நொறுங்கும் அல்லது மடியாமல் அப்படியே பின்னால் வரும். புதிய கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றுக்காகவே இரண்டு முறை யோசிக்கலாம்.

இன்சூரன்ஸில் ஃபைபர் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு 30 சதவீதம், வண்டியின் வயது எதுவானாலும். இரும்புக்கு முதல் ஆறு மாதம் கழிவே இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் 40, பத்துக்கு மேல் 50 சதவீதம். பழைய வண்டிக்கு ஃபைபர் லாபம்போல் தெரியும். ஆனால் பானெட் மாற்றியதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றியிருந்தால்தான் அந்தப் பேச்சே.

பில்லில் ரெசின் வகை, மேட் எத்தனை அடுக்கு, பானெட்டின் எடை, லாக் இடத்தில் என்ன தகடு ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு முதல் 100 கி.மீ. முடிந்ததும் கீல், லாக் போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், வாஷருக்கு அடியில் புதிய ஃபைபர் சற்று அமுங்கியிருக்கும். 500 கி.மீ.-இல் இன்னொரு முறை. ஓட்டுநர் பயிற்சிக்கு வண்டி கொடுப்பவர்கள் காந்த ‘எல்’ போர்டை மறந்துவிட வேண்டியதுதான், அது இனி ஒட்டாது. ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறை வாசகர்,
கோயம்புத்தூர்.